மேடைக்கு ஒரு மனித வடிவ ரோபோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் சின்னப் பட்டறை ஒன்றில் மேடை நிகழ்ச்சிக்கான ரோபோக்களைச் செய்கிறோம். கல்லூரி மாணவர்கள், ஆண்டு விழா நடத்தும் ஆசிரியர்கள், திருவிழாக் குழுக்காரர்கள், கூத்து வாத்தியார்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி.

கண்காட்சியில் கையசைக்கும் பொம்மைக்கும் மேடை ரோபோவுக்கும் என்ன வித்தியாசம்?

எதிரே இருப்பவர்கள் செய்வதைப் பொறுத்து அடுத்த நொடி மாறினால் அது மேடை ரோபோ. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் நிறுத்திய எலக்ட்ரோ என்ற ரோபோ ஏழடி உயரம். இசைத்தட்டில் பதிந்து வைத்த சுமார் 700 சொற்களைப் பேசியது. 1964இல் அதே நகரத்துக் கண்காட்சியில் டிஸ்னி குழு ஆபிரகாம் லிங்கன் உருவ இயந்திரப் பொம்மையை எழுந்து நின்று பேச வைத்தது. இரண்டும் பெரிய சாதனைகள்தான். ஆனால் லிங்கனுக்கு எதிரே ஆயிரம் பேர் இருந்தாலும் அரங்கம் காலியாக இருந்தாலும் அதே பேச்சு, அதே தலையசைவு. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் வடிவமைப்பு தலைகீழாக மாறுகிறது.

வடிவமைப்பை எங்கே தொடங்குவது? மோட்டாரா, முகமா, மென்பொருளா?

மூன்றும் இல்லை. ரோபோவோடு மேடையில் நிற்கப்போகும் மனிதர் யார் என்பதில் தொடங்குங்கள். இந்தப் பக்கத்திலேயே நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ரோபோவைத் தனியாக மேடையில் விடாதீர்கள். ஜோடியாக வடிவமையுங்கள்.

நம் வடாற்காட்டுத் தெருக்கூத்தைப் பாருங்கள். இரண்டு பேர் திரைச்சீலை பிடிக்க, ராஜா வேஷம் அதன் பின்னால் நின்று பாடுகிறது. முன்னால் நிற்கும் கட்டியங்காரன், வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன காரியம் என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறான். ராஜா செந்தமிழில் சொன்னதை ஊர்ப்பேச்சில் திருப்பிச் சொல்கிறான். நடுவிலேயே முன்வரிசைப் பெரியவரை வம்புக்கு இழுக்கிறான், தூங்குபவரை எழுப்புகிறான். ராஜாவுக்கு வரி மறந்தாலும், ஆர்மோனியம் தடுமாறினாலும், விளக்கு அணைந்தாலும் ஆட்டம் நிற்காது. ஏனென்றால் தாங்கிப் பிடிப்பதுதான் கட்டியங்காரனின் வேலை.

இதில் ராஜா ரோபோ, கட்டியங்காரன் மனிதன். இப்படி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரோபோ தவறாகக் கேட்டால் அவர் திருத்துவார். பதில் தாமதமானால் நிரப்புவார். மூட்டு ஒன்று நின்றுபோனால், 'மகாராஜா யோசனையில் இருக்கிறார்' என்று கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். கூட்டத்தோடு பேசும் பாரம் முழுவதையும் இயந்திரத்தின் தலையில் ஏற்றுவதை விட இது எத்தனையோ மடங்கு பலமான வடிவமைப்பு. ஆகவே ஒத்திகையில் பாதி நேரத்தை அந்த மனிதருக்கு ஒதுக்குங்கள். ரோபோவின் எந்த மூட்டு எவ்வளவு வேகம், எந்தச் சத்தம் கேட்டால் விலக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக வேண்டும்.

ரோபோ பதில் சொல்ல இரண்டு நொடி எடுத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடி அளவுதான். பல மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ரோபோவோ பேச்சை எழுத்தாக்கி, பதிலைத் தேடி, குரலாக்க வேண்டும். ஒரு நொடிக்குக் கீழே கொண்டுவரவே நிறையப் பாடுபட வேண்டும்.

வேகத்தைக் கூட்டப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கேள்வி முடிந்த கால் நொடிக்குள் கண்ணும் கழுத்தும் கேட்டவர் பக்கம் திரும்பட்டும். இதற்கு மொழி புரிய வேண்டியதில்லை, சத்தம் வந்த திசை தெரிந்தால் போதும். அப்புறம் ஒரு 'ம்ம்', ஒரு மீசை முறுக்கல். அதற்குள் கட்டியங்காரன் கேள்வியைக் கூட்டத்துக்குத் திருப்பிச் சொல்கிறார்: 'ராஜா சாதம் சாப்பிடுவாரா, கரண்டு சாப்பிடுவாரான்னு கேக்குதுப்பா இந்தப் பொண்ணு!' மூன்று நான்கு நொடி கிடைத்துவிட்டது. பின்வரிசைக்காரர்களுக்கும் கேள்வி போய்ச் சேர்ந்தது. கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியைத் திருப்பிப் பாடும்போது ஆடுபவர் மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த உத்தியைத்தான் இங்கே செயலிக்குக் கொடுக்கிறோம்.

பின்னால் ஆள் உட்கார்ந்து இயக்கினால் ஏமாற்று வேலை ஆகாதா?

மறைத்தால் ஆகும். சொல்லிவிட்டால் ஆகாது. பொம்மலாட்டத்தில் நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை வரை போகும் பொம்மையைத் தலையில் மாட்டிய வளையத்தில் கட்டிய கயிறுகளாலும் கைக்கம்பிகளாலும் ஒருவர் ஆட்டுகிறார். ஜப்பானின் புன்ராகுவில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர், பார்வையாளர் கண்ணெதிரிலேயே. யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

நாங்கள் பரிந்துரைப்பது கலவை முறை. மூச்சு விடுவது போன்ற அசைவு, கண் சிமிட்டல், சத்தம் வந்த பக்கம் திரும்புதல் ஆகியவை தானாக நடக்கட்டும். எந்தப் பதில், எப்போது சிரிப்பு, எப்போது கோபம் என்பதை இயக்குபவர் பொத்தானில் தேர்ந்தெடுக்கட்டும். பெரிய மொழி மாதிரி (கேள்விக்குத் தானே பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்) எழுதித் தரும் பதிலையும் அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பட்டும். ஊர்க்கூட்டத்தின் முன்னால் தவறான ஒரு சொல் போதும், விழாவே கெட்டுவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் இயக்குபவரை மேடைக்கு அழைத்து அறிமுகப்படுத்துங்கள். குழந்தைகள் ரோபோவைப் பார்த்ததை விட அவர் கையில் இருக்கும் கருவியைத்தான் அதிக ஆசையோடு பார்ப்பார்கள்.

சிலிக்கான் தோல் போட்டு அசல் மனித முகமாகச் செய்யலாமா?

வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மனித முகத்தை நெருங்க நெருங்கப் பிடித்துப்போகும் உருவம், கடைசியில் ஒரு கட்டத்தில் திடீரென்று அருவருப்பூட்டும் என்று 1970லேயே ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி எழுதினார். இங்கிலாந்தின் எஞ்சினியர்டு ஆர்ட்ஸ் நிறுவனம் 2021 இறுதியில் காட்டிய அமேகா ரோபோவின் தோல் வேண்டுமென்றே சாம்பல் நிறத்தில் இருக்கிறது. முகபாவம் மனிதனுடையது, நிறம் இயந்திரத்தினுடையது. நல்ல முடிவு.

நமக்கு இன்னும் சுலபமான வழி கையிலேயே இருக்கிறது. கூத்து வேஷத்தில் யாரும் அசல் முகத்தோடு வருவதில்லை. அரிதாரம், அகன்ற கண்மை, மரத்தில் செய்து கண்ணாடி பதித்த கிரீடம், புஜக்கட்டை. விளக்கு மங்கலான தெருவிலும் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உருவான முகம் அது. புருவம், கண், தாடை மூன்றும் அசைந்தால் அந்த முகத்தில் எட்டு ரசமும் வரும். கன்னத்தில் இருபது மோட்டார் தேவையில்லை.

கண்ணுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 முறை இமைக்கிறார், அதுவும் சீரான இடைவெளியில் அல்ல. திரும்பும்போது கண் முதலில் போகும், கழுத்து பின்னால் போகும். இந்த வரிசை மாறினால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும்.

உதட்டசைவு தமிழுக்குப் பொருந்துவதே இல்லையே?

எந்த ஒலிக்கு எந்த வாய் வடிவம் என்று ஆங்கிலத்துக்குச் செய்த அட்டவணையை அப்படியே போட்டால் பொருந்தாது. எல்லா எழுத்துக்கும் சிரமப்பட வேண்டாம். ப, ம இரண்டிலும் உதடு முழுவதும் மூட வேண்டும், அதில் பிசகினால் கூட்டம் கண்டுபிடித்துவிடும். உ, ஊ, ஒ, ஓ வரும்போது குவிய வேண்டும். ஆ வந்தால் தாடை நன்றாக இறங்க வேண்டும். ல, ள, ழ, ண, ர எல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை. வெளியே ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். 'அம்மா' என்ற சொல்லை மட்டும் வைத்து ஒரு மாலை முழுவதும் சரிசெய்தாலும் தகும். அது ஒழுங்காக வந்தால் மற்றவை தானாகப் பின்னால் வரும்.

ஒலிபெருக்கி தூரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு வாய் அசைந்து பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் சொல் கேட்கும். ஒலி முந்தினால் கண் உடனே பிடிக்கும், பிந்தினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அதனால் முன்வரிசைக்குச் சரியாக அமையுங்கள், போதும்.

கழுத்துக்கு எவ்வளவு பலமுள்ள மோட்டார் போட வேண்டும்?

கணக்காகவே பார்ப்போம். தலை 2 கிலோ, அதன் எடைமையம் கழுத்து மூட்டுக்கு 12 செ.மீ. மேலே. கிரீடம் 1 கிலோ, அதன் மையம் 25 செ.மீ. மேலே. நிமிர்ந்து நிற்கும்போது மோட்டாருக்குச் சுமையே இல்லை. 30 டிகிரி குனிந்து வணக்கம் வைத்தால் பாதி நீளம் கணக்கில் வரும்: தலைக்கு 12 கிலோ-செ.மீ. (எடையை நீளத்தால் பெருக்கி வரும் திருப்புவிசை அளவு), கிரீடத்துக்கு 12.5. மொத்தம் 24.5. இதில் கவனிக்க வேண்டியது, ஒரு கிலோ கிரீடம் இரண்டு கிலோ தலையை விட அதிகமாக இழுக்கிறது.

மாணவர்கள் வழக்கமாக வாங்கும் எம்ஜி996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்), சுமை தாங்காமல் நின்றுபோகும் நிலையில்தான் சுமார் 10 கிலோ-செ.மீ. தரும். அந்த நிலையில் நிறுத்தி வைத்தால் கருகிவிடும். சூடேறாமல் தாங்கிப் பிடிக்க, அட்டையில் போட்டிருக்கும் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்பலாம். அப்படியென்றால் இந்தக் கழுத்துக்கு 75 கிலோ-செ.மீ. மோட்டார் வேண்டும். அல்லது பின்கழுத்தில் ஒரு இழுவிசைச் சுருள்வில் போட்டு எடையை அதற்குக் கொடுத்துவிட்டு, மோட்டாரை அசைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் வில் கட்சி. மின்சாரம் போனாலும் தலை தொப்பென்று விழாது, மெல்லக் குனியும். கியர் சத்தமும் குறையும், அது மைக்குக்கும் நல்லது.

கால் வைத்து நடக்க வேண்டாமா? சீன ரோபோக்கள் நடனமே ஆடுகின்றனவே?

2025 ஜனவரியில் சீனாவின் வசந்த விழா நிகழ்ச்சியில் யூனிட்ரீ நிறுவனத்தின் 16 எச்1 ரோபோக்கள் கைக்குட்டை சுழற்றி ஆடியது உண்மை. சமதளத் தரை, நெடிய ஒத்திகை, முன்பே எழுதிய நடனம். நம் ஊர் மேடை பலகை அடுக்கியது, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும், நடுவில் ஒயர் ஓடும். அதே நிறுவனத்தின் சின்ன ரோபோவான ஜி1 சுமார் 35 கிலோ. அது தடுக்கி முன்வரிசைக் குழந்தை மேல் விழுவதை நினைத்துப் பாருங்கள்.

இடுப்புக்குக் கீழே பீடம், பீடத்தில் சுழல்தட்டு. இது போதும். கூத்தில் ராஜா வேஷம் போடும் கிறிக்கி, அந்த வேகச் சுழற்சி, சுழல்தட்டில் அழகாக வரும். ஒயர் முறுக்காமல் இருக்க ஸ்லிப் ரிங் (சுழன்றுகொண்டே மின்சாரம் கடத்தும் வளைய இணைப்பு) போடுங்கள். பாவாடை போன்ற அகன்ற உடுப்பு சுற்றிலும் விரிந்தால் காலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

மிருதங்கத் தாளத்துக்கு ரோபோ எப்படி ஆடும்?

தாளம் கேட்ட பிறகு அசையத் தொடங்கினால் எப்போதும் பிந்தும். கை உயர்ந்து இறங்க 150, 200 மில்லி நொடி ஆகிறது என்றால் அடி விழும் முன்னரே அசைவு கிளம்ப வேண்டும். அதாவது அடுத்த அடி எப்போது என்று ஊகிக்க வேண்டும். மென்பொருளால் ஊகிக்கலாம், ஆனால் மேடையில் வாத்தியக்காரர் காலத்தை ஏற்றுவார், இறக்குவார். மிதிகட்டை ஒன்றைத் தாளக்காரர் காலடியில் வைத்து அவர் அடிக்குச் சற்று முன்னதாக மிதிக்க மிதிக்க ரோபோ பின்தொடர்வதே நம்பிக்கையான வழி. 2008இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழு முன்னால் ஹோண்டாவின் அசிமோ ரோபோ கோலசைத்து நடத்துநராக நின்றது. அங்கே இசைக்கலைஞர்கள்தான் ரோபோவைப் பின்தொடர வேண்டியிருந்தது. கூத்தில் அப்படி முடியாது, முடியவும் கூடாது.

வேலூர் வெயிலில் தாங்குமா?

கவனமாகச் செய்தால் தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரி தாண்டும் ஊர் இது. முப்பரிமாண அச்சில் எல்லாரும் விரும்பும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகும். நடுப்பகலில் கண்ணாடி ஏற்றிய காரில் ரோபோவின் கை கிடந்தால் சாயங்காலம் விரல் வளைந்துதான் வெளியே வரும். 80 டிகிரி வரை தாங்கும் பெட்ஜி, அதற்கும் மேலே தாங்கும் ஏபிஎஸ் பயன்படுத்துங்கள். மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பியின் சூடு 50 டிகிரி கூடினால் அதன் மின்தடை ஏறக்குறைய 20 சதவீதம் கூடும், இன்னும் சூடாகும். அதன் மேல் வெல்வெட் உடுப்பும் போட்டால் காற்று எங்கே போகும்? கிரீடத்தின் உச்சியில் வெளியேற்றும் விசிறி, உடுப்பின் கீழ்விளிம்பில் காற்று நுழைய வலைத்துணி. சூடான காற்று மேலே போகும் வழியிலேயே போகட்டும்.

கூட்டத்தில் வைஃபை விட்டுவிட்டுப் போகிறதே?

ஆயிரம் கைபேசிகள் சுற்றியிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிந்துபோகும். பீடத்தில் நிற்கும் ரோபோவுக்கு ஒயரே இழுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் மட்டும் எக்காரணம் கொண்டும் வைஃபையை நம்பக்கூடாது. தனி ஒயர், தனிச் சுற்று. ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கும், நடுவில் ஒரு யுபிஎஸ் வையுங்கள்.

பார்வையாளர் பேசுவது ரோபோவுக்குப் புரியுமா?

கையில் மைக் கொடுத்தால் ஓரளவு புரியும், கூட்டத்திலிருந்து கத்தினால் புரியாது. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு வெளியிட்டவற்றை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். ஆனால் நம் பக்கத்துப் பேச்சு வேறு. 'இன்னாய்யா பாத்துக்கினே கீறே' என்பார் ஒருவர். சித்தூர் சாலை ஊர்களில் தெலுங்கு கலக்கும், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது கலக்கும். நிகழ்ச்சி நடக்கும் ஊரிலேயே சில நாள் முன்பு போய்ப் பேச்சைப் பதிவுசெய்து சோதியுங்கள். வார்த்தைக்கு வார்த்தை பிடிக்கப் பார்க்காமல், முக்கியச் சொல் பிடித்து பதிலுக்குப் போகும்படி அமையுங்கள். மிச்சத்தைக் கட்டியங்காரன் பார்த்துக்கொள்வார். ரோபோ பதிலுக்கு இந்த ஊர்ப் பேச்சிலேயே ஒரு வரி பேசினால் எழும் ஆரவாரம் இருக்கிறதே, அதற்காகவே இத்தனை பாடும் படலாம்.

குழந்தைகள் தொட வருவார்களே?

வருவார்கள், வரட்டும். மூட்டு இடைவெளிகளை ஒன்று விரலே நுழையாதபடி மூடுங்கள், இல்லையென்றால் விரல் நசுங்காமலிருக்க எந்நிலையிலும் 25 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 13854 சொல்லும் அளவு அது. கை குலுக்கும் நேரத்துக்கென்று வேகமும் விசையும் குறைந்த தனி நிலை இருக்க வேண்டும், அதை மனிதர்தான் போட வேண்டும். கேமரா முகங்களைச் சேமித்து வைக்கக்கூடாது. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் தேவை. பார், திரும்பு, மறந்துவிடு. ரோபோவுக்கு அவ்வளவுதான் வேலை.

திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்தில் வேஷம் கொடுக்கலாமா?

எங்கள் பதில், கூடாது. அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம் எல்லாம் விரதம் இருந்து ஆடுபவை. மண்ணால் துரியோதனனை ஊரே சேர்ந்து வனைந்து படுக்க வைக்கும் இடத்தில் மோட்டாருக்கு வேலை இல்லை. பள்ளி விழா, கல்லூரிக் கலைவிழா, பொருட்காட்சி, அறிவியல் நிகழ்ச்சி இவற்றுக்குப் புதுக் கதை எழுதி ஆடுங்கள்.

கூத்துக் கலைஞர் பிழைப்பில் மண் விழாதா?

விழக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கட்டியங்காரனாக நிற்பவர், குரல் கொடுப்பவர், அடவு காட்டி அசைவைப் பதிவுசெய்ய விடுபவர் மூவரும் கூத்துக் கலைஞர்களாக இருக்கட்டும். செய்யாறு அருகில் புரிசை போன்ற ஊர்களில் தலைமுறையாக வந்த வித்தை அது. ஒருவர் குரலை நகலெடுத்தால் எந்த நிகழ்ச்சிக்கு, எத்தனை நாளைக்கு என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒவ்வொரு மேடைக்கும் அவருக்குப் பணம் போக வேண்டும். ரோபோ வந்ததால் கூத்து ஜமாவில் (குழுவில்) ஓர் ஆள் குறைந்தது என்று யாரும் சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கையில் காசு குறைவு. எங்கே ஆரம்பிப்பது?

ஜி1 போன்ற ரோபோ 2024இல் அறிமுகமானபோதே 16,000 டாலர். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பிரெஞ்சுச் சிற்பி கேல் லாங்ஜவான் 2012இல் தொடங்கிய இன்மூவ் என்ற மனித வடிவ ரோபோத் திட்டத்தின் வரைபடங்கள் இலவசம், சின்ன அச்சு இயந்திரத்திலேயே அச்சடிக்கலாம். தலையும் கழுத்தும் மட்டும் முதலில் செய்யுங்கள். மின்னணுப் பொருட்களுக்குச் சென்னை ரிச்சி தெரு, இரும்பு வேலைக்கு ராணிப்பேட்டை லேத் பட்டறைகள், உறை தைக்க ஆம்பூர் செருப்புத் தொழிலாளர்கள். வளைந்த மேற்பரப்பில் சுருக்கம் விழாமல் தோல் வெட்டித் தைப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அந்தத் தலையை மேசை மேல் வைத்து, நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் நடத்திப் பாருங்கள். பிள்ளைகள் ரோபோவைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் கை செய்யத் தொடங்கலாம். பக்கத்தில் இருப்பவரை மட்டுமே பார்த்தால் கண்ணையும் கழுத்தையும் இன்னும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.